தெற்கு பார்த்த கண்ணாடி அறை

ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கியபோது பின்பக்கத்துச் சன்ரூமை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. வீடு காட்டிய முகவர் மட்டும், "காலமையில கோப்பி குடிச்சுக்கொண்டு பனி விழுறதைப் பாக்கலாம் அண்ணை" என்றார். மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே சரிந்த கூரை, தரையில் ஓடு. சூடு வரும் வழி எதுவும் அந்த அறைக்கு இல்லை. கோப்பியோடு அங்கே போய் இருந்தவர் எங்கள் வீட்டில் எவருமில்லை. பனிக்காலச் சப்பாத்துகள், பிள்ளைகளின் சைக்கிள்கள், கோடையில் மட்டும் தேவைப்படும் பார்பிகியூ அடுப்பு என்று வீட்டுக்குள் இடம் கிடைக்காததெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. அம்மா வந்த பிறகுதான் அது தோட்டமானது.

அம்மா நீர்வேலியில் பிறந்து வளர்ந்தவர். செம்பாட்டு மண்ணும் கிணறும் வாழைத்தோட்டமும் அவருடைய உலகம். அங்கே வருசம் முழுக்க ஏதோ ஒன்றைப் பிடுங்கிச் சமைக்கலாம். மழை எப்போது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதுதான் தோட்டக்காரனின் கணக்கு. வெளிச்சத்தை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ரொறன்ரோவில் ஜூன் மாதத்துப் பகல் 15 மணித்தியாலம் 27 நிமிடம் வரை நீள்கிறது. டிசம்பரில் அது 8 மணித்தியாலம் 55 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது.

குளிரைப் பற்றி எல்லோரும் அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். இங்கே மே மாதத்து விக்ரோரியா நாள் விடுமுறை வரும்வரை மிளகாய், தக்காளி நாற்றுகளை வெளியே நட மாட்டார்கள். ஒக்ரோபர் முதல் பாதிக்குள் பெரும்பாலும் ஓரிரவு உறைபனி விழும். மறுநாள் காலை வெண்டியும் பாகலும் அவித்த கீரையாகத் தொங்கும். இடையில் கிடைப்பது நாலரை மாதம். பாகல் கொடியேறிக் காய்க்கத் தொடங்கும்போதே ஓகஸ்ட் வந்துவிடும். "காய்க்கிற நேரத்தில கொல்லுறதுக்கு ஏன் வளக்க வேணும்?" என்று அம்மா தன் முதல் இலையுதிர்காலத்தில் கேட்டார்.

அந்தப் பனிக்காலத்தில் ஒரு மத்தியானம் அவர் சன்ரூமுக்குள் நின்று கொண்டிருந்தார். வெளியே சறுக்கு பனி, வானம் தெளிந்த நீலம். வெயில் கண்ணாடியூடாக வந்து அறையைக் கடந்து, வீட்டின் உட்சுவர் வரை விழுந்திருந்தது. "இஞ்ச வெளியில வெய்யில் இருக்கு, சூடு இல்லை. வீட்டுக்குள்ள சூடு இருக்கு, வெய்யில் இல்லை. ரெண்டும் ஒண்டாச் சேருறது இந்த ஒரு அறையிலதான், தம்பி" என்றார். அந்த வாரமே சைக்கிள்கள் பேஸ்மென்றுக்குப் போயின.

வெயில் அவ்வளவு உள்ளே வருவதற்குக் காரணம் அறை தெற்கு பார்த்து இருந்ததுதான். டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவின் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. அது தெற்கிலேயே தாழ்ந்து போவதால் நிமிர்ந்த கண்ணாடியூடாக நேரே உள்ளே நுழைகிறது. ஜூனில் அதே சூரியன் 70 பாகையில் தலைக்கு மேலே நிற்கும். எங்கள் அறையின் மூடிய கூரை அதை மறித்துவிடும். வடக்கு பார்த்த சன்ரூம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தானும் தொடங்கினார். மிளகாய் வரவில்லை. வல்லாரை மட்டும் வந்தது. நிழல் பொறுக்கும் செடி அது.

அந்த முதல் பனிக்காலத்தில் மார்கழியிலேயே அம்மா தக்காளியும் கத்தரியும் விதைத்தார். நான் ஒரு மின்சார ஹீற்றரை வாங்கி வைத்தேன். இரவிலும் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டோம். விதைகள் முளைத்தன. முளைத்ததோடு சரி. தண்டு வெளிறி நெடுத்துக் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது, இலை விரியவில்லை. நீரையும் மண்ணையும் மாற்றிப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இன்னும் சூடு வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. "சூடு காணும். இதுக்குப் பசி வேற" என்றார்.

அந்தப் பசி என்னவென்று எனக்குச் சொன்னது நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், எங்களைவிடச் சற்று வடக்கே, கடலோரமான ஹார்பர்சைட்டில் எலியட் கோல்மன் என்ற விவசாயி பனிக்காலத்திலும் கீரை வகைகளை அறுவடை செய்து விற்றவர். அவருடைய கணக்கு எளிமையானது. பகல் 10 மணித்தியாலத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்கள் வளர்வதை ஏறத்தாழ நிறுத்திவிடுகின்றன. சூடு காட்டினாலும் அவை பெரிதாக அசையா. கிரேக்கப் புராணத்தில் பாதாளத்துக்குப் போகும் பெர்சிஃபனியின் பெயரை அந்தக் காலத்துக்கு அவர் வைத்திருக்கிறார். ரொறன்ரோவுக்கு அது நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கிப் பெப்ரவரி முதல் வாரத்தில் முடிகிறது.

இதை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னபோது அவர் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தார். பெப்ரவரி முதல் வாரம் என்றால் தை மாதத்தின் கடைசி. "தை பிறந்தால் வழி பிறக்கும் எண்டு சும்மாவே சொன்னவங்கள்? இஞ்ச கொஞ்சம் பிந்திப் பிறக்குது" என்று சிரித்தார். அன்று முதல் எங்கள் சன்ரூமின் ஆண்டு தை முடிவில் தொடங்கி ஐப்பசியோடு முடிவதாக ஆனது. இடையிலுள்ள இருண்ட மாதங்களில் அந்த அறையிடம் அவர் புதிய வளர்ச்சி எதையும் கேட்பதில்லை.

மாசி பிறந்ததும் முதலில் மிளகாய். மிளகாய் விதை முளைக்க மண் 25 பாகைக்கு மேல் சூடாக இருந்தால் நல்லது. அதற்குச் சன்ரூம் உதவாது. அம்மா விதைத் தட்டை பேஸ்மென்றில் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் வைப்பார். முளை தலைகாட்டியதும் அன்றைக்கே கண்ணாடிக்குக் கீழே கொண்டுவந்துவிடுவார். முளைக்கச் சூடு, முளைத்த பிறகு வெளிச்சம் என்று இரண்டையும் பிரித்துக்கொண்டதும் நாற்றுகள் குட்டையாய், தண்டு தடித்து, கரும்பச்சையாய் வந்தன. கத்தரியும் தக்காளியும் பங்குனியில். வெண்டி, பாகல், புடோல், பயிற்றங்காய் எல்லாம் சித்திரை வருசப் பிறப்புக்குப் பிறகுதான். இவை வேர் அசைக்கப்படுவதை விரும்பாதவை. மூன்று நான்கு கிழமைக்கு மேல் சட்டியில் நின்றால் வேர் சுற்றிக்கொண்டு, நட்ட பிறகும் திகைத்து நிற்கும். அதனால் தனித்தனிக் காகிதக் குவளைகளில் போட்டு, குவளையோடேயே நடுவார்.

பங்குனி மாதம்தான் சன்ரூமின் விசித்திரமான காலம். வெளியே பனி கரையாமல் கிடக்கும். அந்தப் பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் சேர்ந்து அறைக்குள் வரும். காலையில் உறைநிலைக்கு அருகே இருந்த அறை மத்தியானத்தில் 35 பாகையைத் தாண்டும். குளிர்நாட்டில் நாற்று வெந்து சாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அம்மா பத்து மணிக்கு வீட்டுப் பக்கக் கதவைத் திறந்துவிடுவார். சூடு வீட்டுக்குள் போகும், ஃபேர்னஸ் ஓய்ந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கு வெளி யன்னலில் ஒரு விரற்கடை. மூன்று மணிக்கு எல்லாவற்றையும் சாத்திவிடுவார். வேலைக்குப் போகிற நாங்கள் எவரும் இதைச் செய்திருக்க முடியாது. சன்ரூம் தோட்டத்துக்குப் பகலில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை விற்பனைக் கையேடுகள் எழுதுவதில்லை.

இரவுதான் பெரிய பாடு. கண்ணாடி பகலில் வாங்கிய சூட்டை இரவில் அப்படியே விட்டுவிடும். மேகமில்லாத இரவென்றால் இன்னும் மோசம். 1,500 வாட் ஹீற்றர் இரவெல்லாம் எரிந்த மாதத்து மின்சாரக் கட்டணத்தைப் பார்த்த மனைவி, "மாமி, இந்தத் தக்காளிக்குப் பொன் முலாம் பூசியிருக்கோ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர்ப் பீப்பாய்கள் வந்தன. கறுப்புப் பூச்சடித்த, 200 லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பீப்பாய்கள். உட்சுவரோடு வரிசையாக நிறுத்தினோம். பகல் வெயிலில் தண்ணீர் சூடேறும். இரவில் மெதுவாக விட்டுக்கொடுக்கும். 200 லீற்றர் தண்ணீர் 10 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 2.3 கிலோவாட் மணி வெப்பம் வெளிவரும். அந்த ஹீற்றர் ஒன்றரை மணித்தியாலம் எரிவதற்கு அது சமம். பீப்பாய்களின் மேலே பலகை போட்டு நாற்றுத் தட்டுகளை வைத்தார் அம்மா. கீழேயிருந்து வேருக்குச் சூடு. கண்ணாடிகளின் உட்புறம் பபிள் ராப் ஒட்டினோம். நாற்றுகளின் மேல் பழைய பருத்திச் சேலை ஒன்று இரவுப் போர்வையாக விரிந்தது. ஹீற்றர் இப்போதும் இருக்கிறது. ஆனால் கடுங்குளிர் இரவுகளில் நாற்றுகள் உறையாமல் காப்பதற்கு மட்டுமே அது எரியும்.

கண்ணாடிக்குள் காற்றில்லை, மழையில்லை, தேனீயில்லை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அவற்றின் வேலையை ஆள் செய்ய வேண்டும். மிளகாயும் தக்காளியும் தங்கள் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்க்கும் வகை. செடியை லேசாகத் தட்டிவிட்டால் போதும். பாகலில் ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறு. காலையில் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, கீழே குட்டிக் காயோடு நிற்கும் பெண்பூவில் தொட்டுவிட வேண்டும். புடோல் பூ மாலையில்தான் விரியும். ஊரில் இரவு அந்துப்பூச்சிகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். இலையுதிர்காலம் நெருங்கும்போது பெரிய சட்டியொன்றில் உள்ளேயே வளர்ந்த புடோலுக்காக அம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோர்ச் லைற்றும் பேரப்பிள்ளையின் வர்ணத் தூரிகையுமாகச் சன்ரூமுக்குப் போவார். பேத்தி பின்னால் போவாள். தாவரவியலில் அவள் படித்த முதல் பாடம் அதுதான்.

தேனீ வராத இடத்துக்கு அசுவினியும் வெள்ளை ஈயும் தவறாமல் வந்தன. வெளியே என்றால் மழை கழுவும், பொறிவண்டு தின்னும். உள்ளே அவற்றுக்கு எதிரியே இல்லை. கறிவேப்பிலையில் செதிற்பூச்சி, கத்தரி இலையின் அடியில் சிலந்திப்பேன். சாப்பிடும் இலைகளுக்கு மருந்தடிக்க அம்மா சம்மதிக்கவில்லை. சவர்க்காரத் தண்ணீரைத் துணியில் நனைத்து இலையின் அடிப்பக்கத்தைத் துடைப்பார். ஒவ்வொரு செடியையும் குளியலறைக்குக் கொண்டுபோய்க் குளிக்க வார்ப்பதும் உண்டு. இலைகள் ஈரத்தோடு நெருங்கி நின்றால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் சிறிய மின்விசிறி ஒன்று எப்போதும் சுழலும்.

வைகாசியில் நாற்றுகளை வெளியே பழக்குவது ஒரு தனிக் கலை. சாதாரணக் கண்ணாடி சூரியனின் புற ஊதாக் கதிர்களில் வலிமையான பகுதியைத் தடுத்துவிடும். அதைக் காணாமல் வளர்ந்த இலையை நேரே முழு வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெளுத்துக் காய்ந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு கிழமைக்கு மேல் பழக்கி, விக்ரோரியா நாளுக்குப் பிறகே மண்ணில் வைப்போம். எங்களுக்கு வேண்டியதுபோக மிச்சமெல்லாம் அக்கம்பக்கத்துக்கு. வேலியின் அப்பக்கத்து முதியவர் இத்தாலிக்காரர். அவர் தன் அத்திமரத்தைப் பனிக்கு முன் ஒரு பக்க வேரை வெட்டிச் சாய்த்து, மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துகிறவர். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்கும் அவ்வளவாக வராது. ஆனால் ஒவ்வொரு வைகாசியிலும் மிளகாய் நாற்று அங்கே போகும். ஆவணியில் அத்திப்பழம் இங்கே வரும்.

புரட்டாதி வந்தால் எல்லாம் எதிர்த்திசையில். சட்டிகளில் நிற்கும் கறிவேப்பிலையும் முருங்கையும் தேசியும் இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்குமுன் உள்ளே வந்துவிடும். உள்ளே வருமுன் கழுவி, மண்ணைப் பார்த்து, பூச்சி இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நன்றாகக் காய்த்த மிளகாய்ச் செடிகள் இரண்டு மூன்றைத் தோண்டிச் சட்டிக்கு மாற்றி, கிளைகளைக் குறுக வெட்டி வைப்பார். மிளகாய் இயல்பில் பல ஆண்டு வாழும் செடி. பனிதான் அதை ஓராண்டுச் செடியாக்குகிறது. உள்ளே உறங்கி எழுந்த பழைய செடி, அந்த ஆண்டு விதைத்ததற்கு வெகு முன்பே காய்க்கும். வெளித்தோட்டம் கருகிய பிறகும் எங்கள் வீட்டில் பச்சைமிளகாய் கார்த்திகை விளக்கீடு வரை செடியிலிருந்தே வந்தது.

கீரைக்குத்தான் கோல்மனின் பாடம் முழுதாகப் பயன்பட்டது. பசளிக்கீரை என்று நாங்கள் சொல்லும் ஸ்பினாச்சை செப்ரெம்பர் முதல் வாரத்தில் விதைத்துவிட வேண்டும். வெந்தயமும் மல்லியும் அதற்குச் சற்றுப் பிந்தி. பகல் சுருங்குமுன் அவை முழு வளர்ச்சிக்கு வந்துவிடும். அதன்பின் வளராது, ஆனால் குளிரறையில் வைத்தது போலக் கெடாமல் நிற்கும். லேசான உறைபனியை ஸ்பினாச் தாங்கும்; உறைந்த இலையை வெயில் ஏறும்வரை தொடாமல் விட்டால் மீண்டும் நிமிரும். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் வெளியே பனி கொட்டும்போது அம்மா உள்ளே போய் ஒரு பிடி கிள்ளிக்கொண்டு வருவார். கறிவேப்பிலை மட்டும் அந்தக் குளிரைத் தாங்காது. குளிர் இறுகுமுன் அது வரவேற்பறையின் தெற்கு யன்னலுக்குக் குடிபெயரும். இலை கொட்டும், உயிர் போகாது. அந்த மாதங்களில் தண்ணீரை மிகக் குறைவாக விட வேண்டும்.

ஒரு தை மாதத்தில் அம்மாவை நகர மையத்திலிருக்கும் அலன் கார்டன்ஸுக்கு அழைத்துப் போனேன். 1910 இல் கட்டிய கண்ணாடிக் குவிமாடம். உள்ளே தென்னையினத்து மரங்களும் வாழைகளும். நுழைவுக் கட்டணம் இல்லை. வெளியே உறைகுளிர், உள்ளே மூக்குக்கண்ணாடியில் புகார் படியும் வெக்கை. நீர்வேலிக்காரி வாழையடியில் வெகுநேரம் நின்றார். பிறகு மெல்ல, "இதுக்குச் சூடு ஆர் காசில?" என்று கேட்டார். மாநகராட்சி என்றேன். "அதுதானே" என்றார்.

அந்தக் கேள்வி முக்கியமானது. ஒன்ராறியோவின் தென்கோடியில், ரொறன்ரோவிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் லீமிங்டன் என்றொரு ஊர் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே கண்ணாடிப் பண்ணைகள் மிகவும் நெருங்கி அமைந்திருப்பது அங்குதான். எரிவாயுச் சூடும் செயற்கை விளக்குகளும் வைத்து, பயிருக்குக் காபனீரொட்சைட்டையும் கூட்டிக் கொடுத்து, நடுப் பனிக்காலத்திலும் தக்காளி எடுக்கிறார்கள். பருவத்தை விலை கொடுத்து வாங்கும் ஆசை புதியதும் அல்ல. உரோமைப் பேரரசன் திபேரியஸுக்கு நாள்தோறும் வெள்ளரி வேண்டுமென்பதற்காகத் தோட்டக்காரர்கள் பாத்திகளைச் சில்லுப் பூட்டி வெயிலுக்கு இழுத்ததாகவும், குளிருக்கு ஒளி புகும் கல் தகடுகளால் மூடியதாகவும் பிளினி எழுதியிருக்கிறார். பேரரசனுக்கு அது சரி. வீட்டு மின்கட்டணம் கட்டுகிறவனுக்குச் சரிவராது. சனவரியில் தக்காளி வேண்டுமென்றால் கடையில் வாங்குவதே மலிவு.

சன்ரூம் எங்களுக்குத் தந்தது வேறு. கோடையின் முன்னால் மூன்று மாதம், பின்னால் ஒன்றரை மாதம். ஜூலையிலேயே பாகற்காய்ப் பால்கறி, கார்த்திகையிலும் பச்சைமிளகாய்ச் சம்பல், ஆண்டு முழுக்கக் கறிவேப்பிலை. எங்கே போவதென்று தெரியாமல் யன்னலோரம் இருந்த அம்மாவுக்கு, மாசியிலிருந்து ஐப்பசி வரை நேரம் தவறாத வேலை. இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. தட்டுகளை இடுப்பளவுக்கு உயர்த்திக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். யன்னலைத் திறக்கும் நேரத்தை இப்போதும் அவர்தான் சொல்கிறார்.

உங்கள் வீட்டிலும் தெற்கு பார்த்த கண்ணாடி அறையொன்று சப்பாத்துகளுக்கு விடப்பட்டிருந்தால், முதலில் ஒரு வெப்பமானியும் இரண்டு பீப்பாய்களும் வாங்குங்கள். பெரிய ஹீற்றர் வாங்காதீர்கள். மிளகாயை மாசியில் விதையுங்கள், கீரையைச் செப்ரெம்பர் தொடக்கத்தில் விதையுங்கள். மார்கழியில் அறையைச் சும்மா விடுங்கள். வீட்டில் ஊர்த்தோட்டம் செய்த அம்மாவோ அப்பாவோ இருந்தால், அந்த அறையின் திறப்பை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.